கேலரியில் ஒருவர் கத்தினால் தண்டனை யாருக்கு?

நீலகிரியின் பந்தலூர் வட்டாரத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் கால்பந்துப் போட்டியின் அரையிறுதியில், பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்து வலது ஓரத்தில் ஆடிய இளைஞர் ஒருவர் பந்தைத் தொடும்போதெல்லாம், பாக்கு மரங்களை வரிந்து கட்டிய கேலரியின் மேல் வரிசையிலிருந்து, அவருடைய இனப்பெயரைக் குரங்கோடு சேர்த்துச் சொல்லும் குரல் ஒன்று கேட்டது. முதல் தடவை சிலர் சிரித்தார்கள். மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. இடைவேளையில் அந்த இளைஞர் பூட்ஸைக் கழற்றி, லேஸ்களை ஒன்றோடொன்று முடிந்து தோளில் போட்டுக்கொண்டு, தேயிலைச் சரிவின் ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போய்விட்டார். போட்டியை நடத்திய கமிட்டியில் நானும் இருந்தேன். அன்றிரவு கூடிப் பேசி, கத்தியவர் எந்த அணிக்காக வந்திருந்தாரோ அந்த அணிக்கு இரண்டாயிரம் ரூபாய் அபராதம் விதித்து ரசீது கிழித்துக் கொடுத்தோம். கத்தியவர் யார் என்பது எங்கள் பதினொரு பேருக்கும் தெரியும். மறுநாள் இறுதிப் போட்டியை அவர் அதே வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்.

பணத்தை வாங்கிக்கொண்டு பெயரை விட்டுவிடும் இந்த வழக்கம் எங்கள் கமிட்டி கண்டுபிடித்ததல்ல. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏவே நெடுங்காலம் அதைத்தான் செய்துவந்தது. 2012 யூரோ கோப்பையில் இத்தாலியின் மாரியோ பலோட்டெல்லியை இனவெறியோடு ஏசிய ரசிகர்களுக்காகக் குரோஷியச் சங்கத்துக்கு 80,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அதே போட்டித் தொடரில், உள்ளாடையில் இருந்த விளம்பரத்தைக் காட்டியதற்காக டென்மார்க் வீரர் நிக்லஸ் பென்ட்னருக்கு 1,00,000 யூரோவும் ஒரு ஆட்டத் தடையும் கிடைத்தன. இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, அபராதத்தைப் பற்றி நீளமாக வாதிட எனக்கு ஒன்றுமில்லை. கட்டுவது சங்கம், கத்தியவருக்கு அது செலவே இல்லை, ஏச்சு வாங்கியவருக்கு அதில் ஒரு காசும் போய்ச் சேருவதில்லை. நாங்கள் வாங்கிய இரண்டாயிரமும் ஒலிபெருக்கி வாடகையில் கழிந்ததாகக் கணக்கு நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

அரங்கத்தையோ அதன் ஒரு பகுதியையோ மூடுவது அபராதத்தைவிடக் கடுமையானது என்பதில் ஐயமில்லை. டிக்கெட் வருமானம் போகும், சொந்த மண்ணின் ஆரவாரமும் போகும். ஆனால் அது என்ன சாதித்தது என்று தேடினால் வினோதமான காட்சிகளே கிடைக்கின்றன. 2015 ஜூன் மாதம் ஸ்பிளிட் நகரில் குரோஷியாவும் இத்தாலியும் மோதிய ஆட்டம், முந்தைய இனவெறி முழக்கங்களுக்கான தண்டனையாக ரசிகர்களே இல்லாத அரங்கில் நடந்தது. ஆட்டத்துக்கு முன்பே யாரோ ரசாயனத்தால் வரைந்து வைத்திருந்த நாஜிக்களின் ஸ்வஸ்திகா, ஆட்டத்தின்போது புல்தரையில் தெரிந்தது. 2019 அக்டோபரில் சோஃபியாவில் பல்கேரியாவுக்கு எதிராக இங்கிலாந்து ஆடியபோதும், பழைய குற்றத்துக்காக அரங்கின் ஒரு பகுதி ஏற்கெனவே மூடப்பட்டுத்தான் இருந்தது. மூடாத பகுதியிலிருந்து வந்த குரங்குக் கூச்சலால் ஆட்டம் இரண்டு முறை நின்றது. அதற்கும் 75,000 யூரோ அபராதத்தோடு மறுபடி அரங்க மூடல்தான் தண்டனையாக வந்தது.

2021இல் செக் நாட்டின் பிராகா நகரில் நடந்தது இன்னும் மனத்தை உறுத்துகிறது. மொனாக்கோவின் ஒரேலியன் சுவாமெனியை ஏசியதற்காக ஸ்பார்ட்டா பிராகாவின் அரங்கம் மூடப்பட்டது. ஆனாலும் 14 வயது வரையுள்ள குழந்தைகளை அனுமதிக்க விதியில் இடமிருந்ததால், சுமார் 10,000 பள்ளிக் குழந்தைகள் வந்து உட்கார்ந்தார்கள். அந்தக் குழந்தைகளின் கூட்டமே, ரேஞ்சர்ஸ் அணியின் கருப்பின வீரரான கிளென் கமாரா பந்தைத் தொடும்போதெல்லாம் ஊளையிட்டது. பெரியவர்களை வெளியே நிறுத்தினால் அவர்கள் பேசிய பேச்சும் வெளியே நின்றுவிடும் என்று நம்பியதுதான் அந்தத் தண்டனையின் பிழை.

எங்கள் ஊர் மைதானத்தில் இந்த வழிக்கு இடமே இல்லை. மலையைக் குடைந்து சமப்படுத்திய அந்தத் திடலைச் சுற்றி மூன்று பக்கமும் தேயிலை. கேலரியை மூடினால் ஆட்கள் புதர்களுக்கிடையே நின்று பார்ப்பார்கள், கத்தவும் செய்வார்கள். டிக்கெட் பணத்திலிருந்து ஒதுக்கும் மருத்துவ உதவி நிதிதான் நின்றுபோகும்.

புள்ளியைக் குறைப்பது, போட்டியிலிருந்தே அணியை வெளியேற்றுவது என்பவற்றுக்கு ஆதரவு தெரிவிப்பவர்கள், ரசிகனுக்கு வலிக்கும் இடம் அதுதான் என்கிறார்கள். 2014இல் பிரேசிலில் சாண்டோஸ் அணியின் கோல்கீப்பர் அரான்யாவை ரசிகர்கள் குரங்கென்று ஏசியதற்காக, கிரேமியோ அணி பிரேசில் கோப்பையை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. வலித்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய வாய்க்காக ஏழு பேரின் ஒரு சீசன் உழைப்பு போவது ஒருபுறம் இருக்க, நாக்அவுட் முறையில் நடக்கும் எங்கள் செவன்ஸில் இந்த விதி வந்தால், எதிரணியின் ஜெர்சியை ஒருவருக்குப் போட்டுவிட்டு அவர்கள் நடுவில் உட்காரவைத்துக் கத்தச் சொல்லும் சாமர்த்தியம் படைத்தவர்களை எனக்கே நான்கைந்து பேர் தெரியும்.

எஞ்சியிருப்பது, கத்தியவரையே தண்டிக்கும் வழி. இதில் இங்கிலாந்து மற்றவர்களைவிட முன்னே போயிருக்கிறது. அங்கே 1991ஆம் ஆண்டுச் சட்டம் இனவெறி முழக்கத்தைக் குற்றமாக்கியபோது குறைந்தது இருவர் சேர்ந்து கத்தியிருக்க வேண்டும் என்று இருந்தது. தனியாகக் கத்துகிறவர் தப்பித்துவந்த அந்த ஓட்டையை 1999இல்தான் அடைத்தார்கள். சிறைத் தண்டனை இல்லாத வழக்குகளில் 3 முதல் 5 ஆண்டுகள் வரை மைதானத் தடை உண்டு. வெளிநாட்டில் ஆட்டம் நடக்கும் நாட்களில் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவும் சொல்ல முடியும். ஸ்பெயினின் அனுபவத்தில் இரண்டு வழிகளையும் ஒரே சம்பவத்தில் எடைபோடலாம். 2023 மே 21 அன்று வலென்சியாவின் மெஸ்டாயா அரங்கில் ரியல் மாட்ரிட்டின் கருப்பின வீரர் வினீசியஸ் ஜூனியர் ஏசப்பட்டபோது, சங்கம் முதலில் அறிவித்த ஐந்து ஆட்டப் பகுதி மூடலும் 45,000 யூரோ அபராதமும் மேல்முறையீட்டில் மூன்று ஆட்டமாகவும் 27,000 யூரோவாகவும் சுருங்கின. ஓராண்டு கழித்து, அடையாளம் காணப்பட்ட மூன்று பேருக்கு நீதிமன்றம் எட்டு மாதச் சிறையும் இரண்டு ஆண்டு அரங்கத் தடையும் விதித்தது. அந்நாட்டுச் சட்டப்படி முதல் முறை குற்றம் செய்தவர்கள் இப்படிக் குறைந்த தண்டனைக்குப் பெரும்பாலும் சிறைக்குள் போவதில்லை என்றாலும், மூடல் ஒரு கூட்டத்தின் எரிச்சலாகக் கரைந்துபோக, தீர்ப்பு மூன்று பேருடைய முகத்தில் போய் நின்றது.

தனிநபரைத் தண்டிப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய வாதம், ஐம்பதாயிரம் பேரில் ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. மெஸ்டாயாவுக்கு அது பொருந்தும். நாடுகாணியிலிருந்து எருமாடு வரைக்கும் எந்த மைதானத்துக்கும் பொருந்தாது. இங்கே குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு இருந்த சிக்கல் அடையாளம் தெரியாதது அல்ல, தெரிந்தது. முகம் தெரிந்தவரைத் தண்டிக்கக் கூசித்தான் முகமில்லாத அணியைத் தண்டித்தோம்.

இந்திய நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் பழங்குடியினர் ஒருவரை இழிவுபடுத்துவதற்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்கிறது. எங்கள் கேலரிச் சம்பவம் அதன் எல்லைக்குள் வரக்கூடியது. ஒரு கத்தலுக்கு ஆறு மாதமா என்று அன்றிரவு கமிட்டியில் ஒருவர் கேட்டார். அளவைப் பற்றிய அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த இளைஞர் தீர்மானிக்க வேண்டியது. அவரைக் கேட்காமலேயே இரண்டாயிரத்துக்குச் சமாதானம் பேசி முடித்தோம், அதுவும் அவர் இல்லாத அறையில்.

இன்னொரு பக்கம், செவன்ஸ் ஆட மலபாருக்கு வரும் ஆப்பிரிக்க வீரர்களுக்கு அந்தச் சட்டம் துணை வராது. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அவர்களைச் ‘சூடானி’ என்றே கூப்பிடுவது மலைப்பாதைக்குக் கீழே கேரளப் பக்கம் வழக்கம். அதில் பிரியமும் உண்டு, ஆளைத் தனியாகப் பார்க்காத அலட்சியமும் உண்டு. 2024 மார்ச்சில் மலப்புரம் மாவட்டம் அரீக்கோட்டில் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைப் பார்வையாளர்கள் துரத்தி அடித்தார்கள். இனத்தைச் சொல்லி ஏசியதாகவும் கல்லெறிந்ததாகவும் அவர் போலீசில் புகார் செய்தார். அத்தகையவருக்கு வேண்டுமென்றே அவமதித்தல் போன்ற பொதுவான பிரிவுகள்தான் உண்டு. சட்டம் எட்டாத அந்த இடத்தில் போட்டி கமிட்டியின் விதி வலுவாக இருந்தாக வேண்டும்.

ஆகவே இந்த ஆண்டுக் கூட்டத்தில் நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: கத்தியவருக்கு இரண்டு சீசன் மைதானத்துக்குள் அனுமதியில்லை, சுற்றுவட்டாரக் கமிட்டிகளுக்கும் பெயர் போகும், நன்கொடையாளர் பெயர்களை அரை மணி நேரம் வாசிக்கும் அதே மைக்கில் அவர் பெயரும் வாசிக்கப்படும். ஆளைக் காட்டிக்கொடுக்க மறுத்தால் மட்டுமே அணிக்கு அபராதம், அந்தப் பணமும் ஏசப்பட்ட வீரருக்கே. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெயர் மைக்கில் வராது, பெற்றோரை அழைத்துப் பேசுவது. புகார் கொடுக்க விரும்பும் வீரரோடு கமிட்டியில் இருவர் காவல் நிலையம் போக வேண்டும். மைக்கில் பெயரை வாசிப்பது பழைய ஊர்ப் பஞ்சாயத்து அவமானமாகிவிடாதா என்று எனக்கே ஒரு தயக்கம் இருப்பதால், அந்த ஒரு வரியை மட்டும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தேன்.

மற்ற வரிகளை ஏழு பேர் ஒப்புக்கொண்டார்கள். “அவன் நம்ம பையன்தானே அண்ணா, அடுத்த வருஷம் கேலரி கட்ட மரம் யார் தருவது?” என்று பொருளாளர் கேட்டார். விதி இன்னும் நோட்டில் ஏறவில்லை. சீசன் தொடங்க ஆறு வாரம் இருக்கிறது.