வேலூர் வெயிலில் 8×42 பைனாகுலரும் 150-600 லென்ஸும்: சில ஆண்டு அனுபவம்

லென்ஸ், பைனாகுலர் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. அவற்றில் வரும் படங்களும் வால்பாறைப் பசுமையிலோ கேரளத்துத் தட்டேக்காட்டு நிழலிலோ எடுத்தவையாக இருக்கும். நம் வடாற்காட்டு நிலம் வேறு மாதிரி. கரட்டு மலை, முள் புதர், பாறை, பெரிய பெரிய ஏரிகள், பெரும்பாலான மாதங்கள் மணலாகவே கிடக்கும் பாலாறு. இந்த நிலத்திலும் இந்த வெயிலிலும் ஒரு பைனாகுலரும் ஒரு நீள லென்ஸும் ஆண்டுக்கணக்கில் எப்படி உழைக்கின்றன என்பதை எழுதி வைத்தால், புதிதாக இறங்குபவர்களுக்கு உதவும்.

என்னிடம் இருப்பது 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ.), கிராப் சென்சார் (சற்றுச் சிறிய சென்சார்) கேமரா, 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் (எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்). சுற்றும் இடங்கள் ஜவ்வாது மலை அடிவாரம், அமிர்தி, பாலாற்றுக் கரை, காவேரிப்பாக்கம் ஏரி. விடுமுறை கிடைத்தால் ஆனைமலை, முதுமலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பைனாகுலரை வாங்குங்கள். லென்ஸ் நல்ல லென்ஸ்தான். ஆனால் நம் ஊரில் அதற்கு வேலை நேரம் காலை ஒன்பது மணி வரைதான். தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும் என்று நம்பி 600 வாங்குபவர்கள் வேலூரில் ஏமாந்துபோவார்கள்.

காரணம் கானல். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஜனவரி மாதம் நின்று பார்த்தாலே புரியும். காலை ஆறரைக்குத் தண்ணீரின் மறுபக்கம் நிற்கும் சங்குவளை நாரையின் இறக்கை ஓரத்து இளஞ்சிவப்பு இழை இழையாகப் பதிவாகிறது. அதே நாரை, அதே இடம், அதே செட்டிங்; மணி பத்தாகும்போது இழைகள் எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து, கொதிக்கும் உலைக்கு மேலே பார்ப்பதுபோல் உருவம் நெளிகிறது. மண் சூடாகிறது, அதை ஒட்டிய காற்று சூடாகிறது, மேலே இருக்கும் காற்று இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கிறது. இரண்டும் கலக்கும்போது ஒளி நேராக வராமல் வளைந்து வளைந்து வருகிறது. லென்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு காற்றையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆட்டோஃபோகஸும் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடுகிறது. புதிதாக வாங்கிய பலர் இதை லென்ஸின் கோளாறு என்று எண்ணி சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். லென்ஸில் ஒன்றும் இருக்காது.

இது வானியல்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நம் ஜவ்வாது மலையிலேயே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது; 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வேலை செய்கிறது. அவ்வளவு பெரிய கண்ணாடிக்கும் காற்று அசையாமல் இருந்தால்தான் நட்சத்திரம் துல்லியமாகத் தெரியும். கையில் பிடிக்கும் லென்ஸ் எம்மாத்திரம்? ஆகவே, விடிவதற்கு முன்பே இடத்துக்குப் போய்ச் சேருவது, வெயில் ஏறினால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு பைனாகுலரோடு உட்காருவது என்று பழகிக்கொண்டேன். ஏப்ரல், மே மாதங்களில் எட்டு மணிக்கே கடையைக் கட்டிவிட வேண்டியதுதான்.

பைனாகுலருக்கு வருவோம். 8-ஆ, 10-ஆ என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். நான் தயங்காமல் 8 என்பேன். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்குள் வரும் ஒளிவட்டம் அத்தனை மில்லிமீட்டர். 10×42-இல் அது 4.2-தான். அமிர்திக் காட்டுக்குள் விடியற்காலையில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். அப்புறம் கை நடுக்கம். மலை ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது 10-இல் கதிர்க்குருவி ஒரு நிமிடம் நிலையாக நிற்காது. 8-இல் பார்க்கும் பரப்பும் அகலம், அதனால் புதருக்குள் துள்ளும் பறவையைத் தேடிப் பிடிப்பது எளிது. கண்ணாடி போடுபவர்கள் ஐ ரிலீஃப் (முழு வட்டமும் தெரிய, கண் பைனாகுலரிலிருந்து விலகி இருக்கக்கூடிய தூரம்) 16 மி.மீ.-க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் வட்டத்தின் ஓரம் வெட்டுப்படும். இரண்டு மீட்டர் வரை கிட்டே ஃபோகஸ் ஆனால் பட்டாம்பூச்சிக்கும் அதே போதும்.

குறை என்று சொன்னால், மேலே போர்த்தியிருக்கும் ரப்பர். நம் வெயிலில், அதுவும் காருக்குள் விட்டுவைத்தால், சில ஆண்டுகளில் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது. கண் வைக்கும் ரப்பர் குமிழ் வியர்வை உப்புப் பட்டு வெடித்தது. மாற்றுக் குமிழ் கேட்டு விற்ற கடைக்கு அலைந்தேன், கிடைக்கவில்லை. வாங்கும்போதே உதிரி குமிழ் கிடைக்குமா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு தோளிலும் மாட்டும் வாரை வாங்கிப் போட்ட பிறகு கழுத்து வலி போய்விட்டது. கண்ணாடியில், உள்பாகத்தில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

லென்ஸ் தன் முழு மதிப்பைக் காட்டியது ஆறுமணிக்குருவியிடம். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு குளிர்காலத்தில் தெற்கே வரும் பறவை அது. அக்டோபர் வாக்கில் வேலூருக்கும் வரும். பயணக் களைப்பில் ஊருக்குள் வீட்டு வாசலிலேயே விழுந்து கிடந்ததைத் தூக்கி அட்டைப்பெட்டியில் வைத்துக் காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள். பாகாயம் பக்கத்து மரநிழல்களில் காலையும் மாலையும் அதன் இரட்டைச் சீழ்க்கையைக் கேட்கலாம். தரையில்தான் இரை தேடும். மூங்கில் அடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் தத்தித் தத்திப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு சருகை அலகால் கவ்வி அப்படியே புரட்டி வீசியது, அடியில் நெளிந்த புழுவைத் தலை சாய்த்து ஒரு கணம் பார்த்தது, பிறகுதான் கொத்தியது. கண்ணை ஒட்டிய கறுப்புப் பட்டை, அதற்கு மேல் வெள்ளைப் புருவம், தோளில் நீலத் துண்டு, வாலடியில் சிவப்பு, அலகின் நுனியில் ஈர மண். இவ்வளவும் படத்தில் இருக்கின்றன. 600-இல் லென்ஸின் திறப்பு அதிகபட்சம் எஃப் 6.3-தான், உள்ளே வரும் ஒளி குறைவு என்பதால் அந்த நிழலில் ஐஎஸ்ஓ-வை (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200-க்கு ஏற்ற வேண்டியிருந்தது, ஷட்டர் 1/200 நொடி. அதனால் படத்தில் சிறு புள்ளிகள் தெரியத்தான் செய்கின்றன. எனக்கு அது ஒரு பொருட்டில்லை. பக்கத்தில் இருப்பதன் நுணுக்கத்தைக் காட்டத்தான் 600. தூரத்தை வெல்ல அல்ல.

எடை ஏறத்தாழ 2 கிலோ. கேமராவோடு சேர்த்தால் மூன்றை நெருங்கும். சமதளத்தில் தெரியாது, ஜவ்வாது ஏற்றத்தில் தெரியும். டிரைபாட் தூக்கிக்கொண்டு முள் புதருக்குள் நுழைய முடியாது. அதனால் பழைய ஜீன்ஸ் துணியில் காட்பாடி தையல்காரர் ஒருவரிடம் ஒரு பை தைத்து, உள்ளே புளியங்கொட்டை நிரப்பி வைத்திருக்கிறேன். பாறை மேல், ஏரிக்கரைக் கல் மேல், கார் ஜன்னல் மேல் வைத்தால் லென்ஸ் அசையாது. அரிசி போட்டால் வண்டு வைக்கும். புளியங்கொட்டையில் எனக்கு இதுவரை அந்தத் தொல்லை வரவில்லை. கடையில் விற்கும் எந்தத் தாங்கியையும்விட இது எனக்கு அதிகம் உழைத்திருக்கிறது.

ஜூம் செய்யும்போது லென்ஸ் வெளியே நீளும், திரும்பச் சுருங்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்றை உள்ளிழுக்கும், காற்றோடு நம் செம்மண் தூசியையும். நாளடைவில் உள்ளே சில தூசித் துகள்கள் தெரிய ஆரம்பித்தன. படத்தில் அவற்றின் சுவடு இல்லை, விட்டுவிட்டேன். ஆனால் ஜூம் வளையம் இறுகிப்போனது தொல்லை. சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். பனிக்காலம் முழுக்க அங்கேயே கிடந்தது. வலசைப் பறவைகள் வந்து போகும் மாதங்களில் லென்ஸ் கையில் இல்லை என்பது எவ்வளவு கடுப்பு என்று இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும். சர்வீஸ் வேலைகளை ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸுக்குள் படரும் பூஞ்சை நம் ஊரில் பெரிய பயமில்லை. ஆனால் மலைக்காட்டு மழையில் நனைந்து திரும்பினால் அன்றைக்கே துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்துவிட வேண்டும்.

இங்கே ஒரு பறவையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அழியும் ஆபத்து உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. ஹார்ஸ்லி மலை, நந்தி மலை என்று இதைத் தேடி வெளியூர்க்காரர்கள் அலைகிறார்கள். ஜவ்வாது அடிவாரத்தில் பாறை இடுக்கில் வேரூன்றிய ஓர் இச்சி மரத்தைப் பார்த்துக்கொண்டு நான் இடம் மாறி மாறி நின்றபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “இன்னா சார், இப்படி நடந்துனே இருந்தா அது எப்படி வரும்? அந்தப் பாறை ஓரமா சும்மா குந்துங்க” என்றார். “சரிங்கய்யா” என்று உட்கார்ந்தேன். பழம் தின்ன வந்தது. வெயிலில் தலையும் தொண்டையும் மஞ்சளாகப் பளிச்சிட்டன. ஒரு பழத்தை முழுதாக விழுங்க முடியாமல் அலகைப் பாறையில் தேய்த்துக்கொண்டு, பின்பக்கம் இறங்கி மறைந்தது. பைனாகுலரில் முழுக்கப் பார்த்தேன். படம் இரண்டாம்பட்சமாகத்தான் எடுத்தேன்.

வெளியூர்ப் பயணங்களில் லென்ஸின் மறுமுனைதான் அதிகம் உழைத்தது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் வரையாடுகள் சாலைச் சுவரிலேயே நின்றுகொண்டிருக்கும். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் தலைக்கு மேலேயே கிளை தாவும். 150-உம் 200-உம்தான் அங்கே தேவைப்பட்டன. இருவாச்சிக்கு மட்டும் 600. நீளம் மாறாத பிரைம் லென்ஸோடு வந்தவர்கள் மந்தியின் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். ஆகவே ஜூம் வாங்கியதில் எனக்கு முழுத் திருப்தி. முதுமலை சஃபாரி வண்டியில் போகிறவர்கள் இதை இன்னும் நன்றாக உணர்வார்கள், வண்டி எங்கே நிற்கும் என்பது நம் கையில் இல்லை.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். சந்தன மரம் உள்ள மலை நம் ஜவ்வாது. விடியற்காலையில் பெரிய பையோடு ஒருவன் நடந்தால் வனக் காவலர்கள் நிறுத்திக் கேட்கத்தான் செய்வார்கள், கேட்பது சரியும்கூட. அடையாள அட்டையைக் காட்டி, வந்த காரணத்தைச் சொன்னால், எந்த ஓடையில் தண்ணீர் இருக்கிறது என்பதுவரை அவர்களே சொல்வார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் போகிறவர்கள் யானையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயம். 1980-களில் வந்து தங்கிய யானைகளின் கூட்டம் அங்கே இருக்கிறது, நம் பக்கமும் இறங்கும். மோர்தானா அணைப் பக்கம் இருட்டில் போய் நிற்க வேண்டாம். கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும், கூட்டுக்கு எதிரே லென்ஸை நீட்டுவதும் எவ்வளவு நல்ல படம் கிடைப்பதாக இருந்தாலும் கூடாது. குஞ்சைத் தாய் விட்டுப் போய்விடக்கூடும்.

லென்ஸுக்கு இன்னொரு உபயோகம் உண்டு, விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை. பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஏரிச் சேற்றில் நிற்கும் உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் பைனாகுலரில் பார்த்து இன்னதுதான் என்று அடித்துச் சொல்வது கடினம். மங்கலாக இருந்தாலும் ஒரு படம் இருந்தால் அலகின் நீளமும் காலின் நிறமும் தெரியும். வீட்டுக்கு வந்து ஒப்பிட்டு ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றலாம், தவறென்றால் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். அழகுக்காக எடுத்த படங்களைவிட, ஏரியில் எந்த ஆண்டு எது வந்தது என்று சொல்லும் அந்த மங்கல் படங்கள்தான் ஏரிக்கு உபயோகம்.

புது லென்ஸ் கட்டுப்படியாகாது, பழையது வாங்குகிறேன் என்றால் தாராளமாக வாங்கலாம். கைபேசி டார்ச்சைப் பின்பக்கம் வைத்து முன்னாலிருந்து பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, வேண்டாம். ஜூம் வளையத்தை இரு கோடிவரை திருப்பிப் பாருங்கள், எங்கேயும் உறுத்தக் கூடாது. 600-இல் வைத்து, திறப்பை முழுசாகத் திறந்து, பக்கத்தில் உள்ள கடைப் பலகையின் எழுத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இதையும் காலையிலேயே செய்யுங்கள். மதியம் சோதித்தால் நல்ல லென்ஸையும் கானல் கெட்டதாகக் காட்டிவிடும்.