நாமளே செஞ்ச ஹீரோவா, எழுதி வச்ச ஹீரோவா? எந்த கேம் நம்மள கண்டுக்குது?

போன மே மாசம் அக்கா பொண்ணு லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தா, காலேஜ் செகண்ட் இயர். நம்மகிட்ட இருக்கிறது ஒரு பழைய பிஎஸ்4, சேல் ஓடிட்டிருந்துச்சு, ஒரு கேமுக்கு தான் காசு. வடிகட்டி வடிகட்டி கடைசில நின்னது ரெண்டு, மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷனும் மாஃபியா 3யும். அவ கேட்ட மொத கேள்வியே "மாமா, இதுல பொண்ணா ஆடலாமா?" தான். மாஸ் எஃபெக்ட்ல ஆடலாம், முகத்தையே நாமளே செதுக்கிக்கலாம், மாஃபியால முடியாது, லிங்கன் க்ளேன்னு ஒரே ஒரு ஆளு. அவளுக்கு அதோட முடிவு ஆயிடுச்சு. காசு என்னுதுங்கிறதால நான் மாஃபியா வாங்குனேன், மூணு நாளு மூஞ்ச தூக்கி வச்சிருந்தா, சம்பளம் வந்ததும் இன்னொன்னையும் வாங்க வேண்டியதா போச்சு. ரெண்டையும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஆடுனதுல தோணினதைத்தான் எழுதுறேன். நான் எந்தப் பக்கம்னு மொதல்லயே சொல்லிடுறேன், எழுதி வச்ச ஹீரோ பக்கம். ஆனா முழுசா இல்ல, ஏன்னு வரும்.

கேரக்டர் கிரியேட்டர் பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல, எல்லாருக்கும் தெரிஞ்சது தான். ஆணா பொண்ணா, தோல் நிறம், மூக்கு, தாடை, முடி. யார் வேணா யாரா வேணா ஆகலாம், அது பெரிய விஷயம், குறைச்சு சொல்லல. சிம்ஸ் 4ல 2020 டிசம்பர்ல ஒரே அப்டேட்ல 100க்கு மேல தோல் நிறம் சேத்தாங்க, அதுக்கு முன்னாடி கருப்பா ஒரு ஆள செஞ்சா சாம்பல் பூசுன மாதிரி இருக்குன்னு ஆடுறவங்க எவ்வளவு நாளா கத்திட்டிருந்தாங்க. அந்த மாதிரி விஷயத்துல மனுஷங்க சந்தோஷப்பட்டது நியாயம் தான்.

நம்ம பொண்ணு ஒரு மணி நேரம் உக்காந்து ஒரு ஷெப்பர்ட (மாஸ் எஃபெக்ட் ஹீரோ பேரு அது தான்) செஞ்சா. அவ நிறம், அவ மூக்கு, முடி மட்டும் மனசுக்கு பிடிச்ச மாதிரி அமையல, கடைசில ஏதோ கொண்டைக்கு ஒத்துக்கிட்டா. ஆட்டம் ஆரம்பிச்சு ஒரு பத்து மணி நேரம் கழிச்சு, "மாமா, நான் இவ்ளோ மெனக்கெட்டு செஞ்சேன்ல, இந்த கேம்ல ஒருத்தன் கூட அத கண்டுக்கலையே"ன்னா. இந்த கண்டுக்குறதுங்கிற வார்த்தை அங்க தான் புடிபட்டுச்சு, அதுக்கப்புறம் நான் எந்த கேம பாத்தாலும் அத வச்சு தான் எடை போடுறேன்.

மாஸ் எஃபெக்ட்ல கதை நடக்குறது 2183ல, மனுஷங்களுக்குள்ள நிறம் ஒரு பேச்சே இல்ல, சண்டையெல்லாம் வேத்து கிரக இனங்களோட. டூரியன் மனுஷன மட்டமா பாப்பான், குவேரியன எல்லாரும் திருடன்னு சொல்வாங்க, பேட்டேரியனுக்கு நம்மள கண்டாலே ஆகாது. இனவெறிய பத்தி நிறைய பேசுற கேம் தான், ஆனா அதெல்லாம் வேத்து கிரகத்துக்காரன் மேல ஏத்தி பேசுது. நூத்தம்பது வருஷம் கழிச்சு நிறத்த எவனும் கவனிக்க மாட்டான்னு ஒரு கனவா எடுத்துக்கலாம், அதுவும் அழகு தான். ஆனா முகத்தையும் நிறத்தையும் மாத்துற ஸ்லைடர எந்தப் பக்கம் இழுத்தாலும் வசனம் மாறலன்னா அந்த ஸ்லைடர் நம்ம கண்ணுக்கு மட்டும் தான், கதைக்கு இல்ல.

பொண்ணா ஆடுறதுலயும் அப்படித்தான், முக்கால்வாசி. பொண்ணு ஷெப்பர்டுக்கு குரல் குடுத்த ஜெனிஃபர் ஹேல் அட்டகாசம், அதுல மாத்துக்கருத்தே இல்ல, ஆனா வசனம் பெரும்பாலும் ஆம்பள ஷெப்பர்டோடது தான், உடம்பு அசைவும் அவனோடது. ரெண்டாவது பாகத்துல கவுன் போட்டுட்டு காலை அகட்டி உக்காருவா பாருங்க, அக்கா பொண்ணு சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஒரே ஒரு இடம் மட்டும் நிமிந்து உக்கார வச்சுச்சு: ஒமேகா ஸ்டேஷன்ல கூலிப்படைக்கு ஆள் எடுக்குறவன் ஷெப்பர்ட பாத்துட்டு, டான்ஸ் ஆட வந்த பொண்ணுன்னு நினைச்சு வேற பக்கம் கை காட்டுவான், ஷெப்பர்ட் துப்பாக்கிய எடுத்து பதில் சொல்லுவா. ரெண்டு வரி தான். ஆனா அந்த ரெண்டு வரிக்கு இவ சோஃபால எந்திரிச்சு நின்னுட்டா.

விக்கிற இடத்துலயும் இதே கதை தான். மொத ரெண்டு பாகத்துக்கும் அட்டைல ஆம்பள ஷெப்பர்ட் தான், பொண்ணுக்குன்னு ஒரு முகத்த முடிவு பண்ணி விளம்பரத்துல காட்டுனதே மூணாவது பாகத்துக்கு. அந்த நேரத்துல கேம செஞ்ச கம்பெனி பயோவேர் சொன்ன கணக்கு, பொண்ணா ஆடுறவங்க 18%. பத்து வருஷம் கழிச்சு 2021ல லெஜண்டரி எடிஷன்ல மூணு பாகத்துக்கும் அவ முகம் ஒரு ரெடிமேட் முகமா வந்தப்ப அது 32% ஆச்சு. அது மட்டும் தான் காரணம்னு சொல்லல, ஆடுற கூட்டமே மாறியிருக்கு. ஆனா ஆப்ஷன உள்ள எங்கயோ சொருகி வச்சிட்டு "யாரும் எடுக்கல பாத்தியா"ன்னு சொல்றது என்ன நியாயம்.

இப்போ மாஃபியா 3. 2016ல வந்தது, 1968 அமெரிக்கா, நியூ ஆர்லியன்ஸ அப்படியே வச்சு நியூ போர்டோன்னு ஒரு கற்பனை ஊரு. லிங்கன் க்ளே வியட்நாம் போர்ல இருந்து திரும்பி வர்ற கருப்பின ஆளு, அநாதையா வளந்தவன். ஆரம்பத்துலயே ஸ்கிரீன்ல ஒரு அறிவிப்பு வரும், இதுல இனவெறி பேச்சும் நடத்தையும் இருக்கு, அதெல்லாம் நடக்கவே இல்லாத மாதிரி காட்டுறது அத அனுபவிச்சவங்களுக்கு அவமானம்ங்கிற அர்த்தத்துல. பொதுவா இந்த மாதிரி அறிவிப்பு வக்கீல் எழுதி குடுத்த மாதிரி தான் இருக்கும், அதனால நான் பெருசா எடுத்துக்கல.

ஊருக்குள்ள இறங்குனப்புறம் தான் புரிஞ்சுது. சும்மா நடந்து போறேன், ஒரு தப்பும் பண்ணல, போலீஸ்காரன் பக்கத்துல போனா அவன் திரும்பி பாக்குறான், மேப்ல அவன் கவனிக்கிறான்னு காட்டுது. நிக்காம போயிட்டா ஒன்னுமில்ல, கொஞ்ச நேரம் அங்கயே நின்னா ஒரு மாதிரி ஆயிடுது. சில கடைல கருப்பினத்தவங்களுக்கு அனுமதி இல்ல, உள்ள போனா கடைக்காரன் வெளிய போன்னு கத்துவான், போகலன்னா போலீஸ கூப்புடுவான். அப்புறம் எனக்கு ரொம்ப நேரம் கழிச்சு தான் உறைச்சது ஒன்னு: டெல்ரே ஹாலோன்னு கருப்பினத்தவங்க இருக்கிற ஏழை ஏரியால சண்டை நடந்து யாராவது போன் பண்ணா போலீஸ் வர ரொம்ப நேரம் ஆகும், ஃபிரிஸ்கோ ஃபீல்ட்ஸ்னு வெள்ளைக்காரப் பணக்கார ஏரியால அதே சண்டைக்கு கண் மூடி தொறக்குறதுக்குள்ள வந்து நிக்கிறான். எந்த வசனமும் இல்ல, யாரும் பாடம் எடுக்கல, ரூல்ஸே அப்படி வச்சிருக்காங்க. நான் என்ன பண்ணேன்னா, பணக்கார ஏரியாக்குள்ள போறப்ப தானா வண்டிய ஸ்லோ பண்ண ஆரம்பிச்சேன், சிக்னல்ல நின்னேன்! கேம்ல சிக்னல்ல நின்ன ஒரே ஆளு நானா தான் இருப்பேன். நமக்கு அனுபவமே இல்லாத ஒரு பயம், கை விரல்ல வந்து உக்காந்துடுச்சு, ஒரு படம் பாத்தோ கட்டுரை படிச்சோ எனக்கு அப்படி ஆனதில்ல.

இத ஒரு கிரியேட்டர் வச்ச கேம்ல செய்ய முடியுமான்னு யோசிச்சு பாருங்க. முடியும், ஆனா ஆள் யாருன்னே தெரியாம எழுதுறவன் எத்தனை பேருக்குன்னு எழுதுவான். ஊரு, போலீஸ், கடை, ரேடியோ, வளத்த அப்பா, துரோகம் பண்றவன், இத்தனையும் லிங்கன் யாருங்கிறத சுத்தி தான் கட்டியிருக்காங்க, அவன எடுத்துட்டு நம்ம முகத்த வச்சா ஊரே அர்த்தமில்லாம போயிடும்.

சரி, குறைக்கு வரேன். மொத குறை, கருப்பின ஹீரோன்னா திரும்பவும் கேங்ஸ்டர் தானா? கேக்க வேண்டிய கேள்வி தான், என்கிட்ட நல்ல பதில் இல்ல. ரெண்டாவது, ஒரே மாதிரி மிஷன் திரும்ப திரும்ப வந்து பாதிக்கு மேல கொட்டாவி வரும், இது ஊரறிஞ்சது. மூணாவது தான் நம்ம வீட்ல பஞ்சாயத்து ஆனது. நிறத்த இவ்வளவு நுணுக்கமா கண்டுக்குற கேம், பொண்ணுங்க விஷயத்துல அந்த அக்கறைல பாதி கூட காட்டல. ஹெய்ட்டி கூட்டத்த நடத்துற கசாண்ட்ரா நல்ல பாத்திரம், ஒத்துக்குறேன். ஆனா ஊரெல்லாம் தேடி சேக்க வச்சிருக்கிற பொருள்ல ஒன்னு ப்ளேபாய் புத்தகம். மொத புத்தகம் கிடைச்சப்ப இவ பக்கத்துல உக்காந்திருந்தா, நான் ரிமோட்ட தேடுன வேகத்த பாத்திருக்கணுமே. "உன் ஹீரோவ கண்டுக்குது மாமா, என்னைய எப்படி கண்டுக்குது பாத்தியா"ன்னா. வாய மூடிட்டேன்.

ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறது அசாசின்ஸ் கிரீட் ஒடிசி, 2018. அலெக்ஸியோஸா கசாண்ட்ராவா (மாஃபியா கசாண்ட்ரா இல்ல, இது வேற) நாமளே எடுத்துக்கலாம், ஆனா ரெண்டும் எழுதி வச்ச ஆளு. காதல் யார் மேல வேணா வச்சுக்கலாம், ஆணோ பொண்ணோ, நம்ம இஷ்டம். அம்சமான ஏற்பாடுன்னு நினைச்சா, 2019 ஜனவரில வந்த டிஎல்சில (அப்புறமா தனியா விக்கிற கூடுதல் கதை) நம்ம ஆள வலுக்கட்டாயமா ஒரு ஆண் பெண் ஜோடியாக்கி குழந்தையும் குடுத்துட்டாங்க. அதுவரைக்கும் பொண்ணு மேலயே காதல் வச்சு கசாண்ட்ராவ ஆடுனவங்களுக்கு எப்படி இருக்கும்? சத்தம் போட்டாங்க, கேம செஞ்ச யூபிசாஃப்ட் மன்னிப்பு கேட்டு அந்தக் காட்சிய கொஞ்சம் திருத்துச்சு. நான் கசாண்ட்ராவா மட்டும் தான் முடிச்சிருக்கேன், அலெக்ஸியோஸா ஆடிப் பாக்கல, ஆனா என்ன கோளாறுன்னு புரியுது: நூறு மணி நேரம் நம்மள தேர்வு பண்ண விட்ட கேம், அத எங்கயும் குறிச்சு வச்சுக்கவே இல்ல.

கிரியேட்டர் பக்கமும் நியாயமா ஒன்னு சொல்லணும், மெனக்கெட்டா கண்டுக்க முடியும். ஃபால்அவுட் 3ல, 2008லயே, நாம எந்த நிறத்துல ஆள செஞ்சாலும் அப்பா ஜேம்ஸ் அதே நிறத்துக்கு மாறிடுவாரு, குரல் மட்டும் நடிகர் லியம் நீசன் தான். சின்ன வேலை தான், ஆனா பெத்தவன் நம்மள மாதிரி இருக்கணும்னு யாரோ ஒருத்தர் யோசிச்சிருக்காங்கல்ல. டிராகன் ஏஜ் இன்க்விசிஷன்ல எல்ஃபா ஆடுனா அரண்மனை விருந்துல பிரபுக்கள் நம்மள மட்டமா தான் பாப்பாங்க, மனுஷப் பிரபுவா போனா மரியாதை வேற. நான் எல்ஃபா ஒரு தடவை தான் முடிச்சேன், மத்த இனத்துக்கு எவ்வளவு மாறுதுங்கிறத யூடியூப்ல பாத்தது தான். வெட்ட வெளிச்சமா தெரியுறது என்னன்னா, காதுக்கு கூர் வச்ச கற்பனை இனத்த கண்டுக்குறதுக்கு எழுதுறவங்களுக்கு இருக்கிற தைரியம் தோல் நிறத்துக்கு வர மாட்டேங்குது. (ரஸ்ட் கேம்ல 2015ல நிறத்தையும் அடுத்த வருஷம் பாலினத்தையும் அவங்களே ஆளுக்கு ஒன்னா ஒதுக்கிட்டாங்க, மாத்தவே முடியாது. திடீர்னு பொண்ணு உடம்புல முழிச்ச பசங்க போட்ட கூச்சல் இருக்கே, அது தனி காமெடி.)

எழுதி வச்ச ஹீரோன்னா தானா நல்லா வந்துடும்னும் சொல்ல மாட்டேன், யார் எழுதுறாங்கங்கிறதுல தான் எல்லாம் இருக்கு. அன்சார்ட்டட் தி லாஸ்ட் லெகசில க்ளோயி ஃபிரேசர் பாதி இந்தியா பாதி ஆஸ்திரேலியா, கூட வர்ற நாடின் ராஸ் தென்னாப்பிரிக்காவுல இருந்து வர்ற கருப்பினப் பொண்ணு, மேற்குத் தொடர்ச்சி மலைல ஹோய்சாளர் கோயில தேடிப் போறாங்க. ரெண்டு பொண்ணுங்க, ஆம்பள துணை இல்லாம, பாக்க அவ்வளவு நல்லா இருந்துச்சு. ஆனா நாடினுக்கு குரல் குடுத்தது லாரா பெய்லி, வெள்ளைக்கார நடிகை, அது தெரிஞ்சப்புறம் காதுல உறுத்துது. ஊரும் சுற்றுலா போஸ்டர் மாதிரி தான், பேலூரு ஹளேபீடுன்னு பேர் வருது, அங்க வாழுற மனுஷங்களோட நாம பழகுற மாதிரி ஒன்னும் இல்ல.

அதுக்கு நேர் எதிர் நெவர் அலோன், 2014. அலாஸ்காவோட இன்யூபியாட் மக்களோட கதை, அங்க இருக்கிற குக் இன்லெட் ட்ரைபல் கவுன்சிலே முன்ன நின்னு செஞ்சது, பெரியவங்களும் கதைசொல்லிகளுமா 40 பேர் கிட்ட கூட உக்காந்திருக்காங்க, கதை சொல்ற குரல் அவங்க மொழிலயே வருது. நடு நடுவுல ஆந்தைய கண்டுபுடிச்சா அந்த மக்கள் பேசுற சின்ன வீடியோ திறக்கும். நான் தனியா ஆடுனது தான், ரெண்டு பேரா ஆடிப் பாக்கல, அதான் நல்லா இருக்கும்னு சொல்றாங்க. தாண்டிக் குதிக்கிறதுல நிறைய இடத்துல கடுப்பாச்சுங்கிறதையும் சொல்லிடணும்.

நம்ம வெண்பா கேம விட்டுட்டு இத எழுதுனா அடிக்க வருவீங்க. 2023, டொராண்டோல விசை கேம்ஸ் செஞ்சது, 80கள் கடைசில கனடா போன தமிழ்க் குடும்பம். இட்லி தட்ட எப்படி அடுக்குனா ஆவி சரியா ஏறும்ங்கிறது மொத புதிர், என் அம்மா பின்னாடி நின்னு "இதெல்லாம் ஒரு கேமா"ன்னு கேட்டுட்டு அப்புறம் அவங்களே வழி சொன்னாங்க. அங்க வெண்பாவோட முகத்துக்கு ஸ்லைடர் கிடையாது, தேவையும் படல. ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடும், முழு விலை குடுத்து வாங்குறதா இருந்தா யோசிச்சுக்கோங்க.

வாங்கப் போறவங்களுக்கு சொல்றதுன்னா: நாள் கணக்கா ஆடணும், உங்கள ஸ்கிரீன்ல பாக்கணும்னா மாஸ் எஃபெக்ட் எடுங்க, காசுக்கு மூணு கேம். இன்னொருத்தன் தெருவுல அவன் கால்ல நடந்து பாக்கணும்னா மாஃபியா 3, ஆனா மிஷன்ல பொறுமை வேணும், வீட்ல சின்னப் பசங்க இருந்தா ரிமோட் பக்கத்துலயே இருக்கட்டும்.

அவ ஊருக்கு போயிட்டா. லிங்கன் கதைய கடைசி வரைக்கும் முடிச்சது அவ தான், நான் இல்ல, எனக்கு பாதில கொட்டாவி. போறதுக்கு முந்தின நாள் நைட் மாஸ் எஃபெக்ட் ரெண்டாவது பாகத்துல அந்த ஒமேகா கூலிப்படைக்காரன் சீன் வரைக்கும் இன்னொரு தடவ ஆடி, பழைய சேவ் மேலயே சேவ் பண்ணி வச்சிட்டு போயிருக்கா, என்னோட பதினாலு மணி நேரம் போச்சு.