செஸ்னா 172 முன்கண்ணாடியில் விரிசல்: துளை போட்டு நிறுத்துவதா, அதே தடிமனில் மாற்றுவதா, தடித்த தகட்டுக்குப் போவதா?

எங்கள் ஹேங்கரில் நிற்கும் செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானம் ஒன்றில், முன்கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு விரிசல் மேலேறி வந்திருந்தது. எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. விரிசலின் நுனியில் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்துவது ஒன்று. அதே தடிமனில் புதிய வின்ட்ஷீல்டு வாங்கிப் பொருத்துவது இன்னொன்று. இதுதான் சமயம் என்று தடித்த தகட்டுக்கு மாறிவிடுவது மூன்றாவது. நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் அதையே செய்யச் சொல்வேன். ஆனால் அதன் ஆயுள் தகட்டில் இல்லை, பொருத்துகிற விதத்தில் இருக்கிறது. இந்த அலசலில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

முதலில், கண்ணில் படுவது விரிசல்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எங்கள் 172-இன் முன்கண்ணாடி என்பது வளைத்து வார்த்த ஒற்றை அக்ரிலிக் (பிளாஸ்டிக்) தகடு. அது பெரும்பாலும் திடீரென்று உடைவதில்லை. வெயிலிலும் இழுவிசையிலும் வருடக்கணக்கில் சோர்ந்து, மேற்பரப்பில் நுண்கோடுகள் விட்டு, அவற்றில் ஒன்று ஆழமாகிப் பிறகுதான் விரிசலாகும். அந்த நுண்கோடுகளைத்தான் கிரேஸிங் என்கிறோம். நேருக்கு நேர் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் வெள்ளி இழைகளாக மின்னும். நகத்தால் வருடினால் தட்டுப்படாது. விரிசலில் நகம் இடறும். டார்ச்சை நகர்த்தினால் அதன் உள்முகம் முழுதும் ஒரே நேரத்தில் பளிச்சென்று ஒளி வாங்கும். அந்த ஒளியை வைத்து அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்றும் சொல்லிவிடலாம்.

ஓரத்துக் கிரேஸிங்கைக் குறித்துவைத்து அடுத்தடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். விமானியின் கண்ணுக்கு நேரே இருந்தால் அப்படி விட முடியாது. மாலையில் சூரியனை நோக்கி இறங்கும்போது தகடு முழுக்கப் பால்போல் வெளுத்து, ரன்வேயே மறைந்துவிடும். விரிசல் இல்லாவிட்டாலும் அந்தத் தகட்டை மாற்றத்தான் வேண்டும். வழக்கமாகச் சிக்கல் தொடங்கும் இடங்கள் கீழ் மூலைகள், இறக்கை சேரும் மேல் மூலைகள், பழைய மாடல்களில் வெளிவெப்பமானிக்காகத் தகட்டிலேயே போட்டிருக்கும் ஓட்டை.

துளை போடும் வழிக்கு வருவோம். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட ஏ.சி. 43.13-1பி என்ற பழுதுநீக்கும் கையேட்டின் 3ஆம் அத்தியாயத்தில் இது இருக்கிறது: விரிசல் தலைகாட்டியதும் அதன் கடைநுனியில் சிறு துளையிட வேண்டும். கூரிய நுனியில் குவிகிற விசை துளையின் வட்டத்தில் பரவிவிடும். விரிசல் ஓட்டம் நிற்கும். ஒரு மதியத்துக்குள் முடிகிற வேலை, செலவும் ஒன்றுமில்லை. ஆனால் அதே கையேடு, சேதம் அதிகமானால் ஒட்டுப்போடுவதைவிட மாற்றுவதே மேல், எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் அது பார்வைக்கும் பலத்துக்கும் புதுத் தகட்டுக்கு ஈடாகாது என்றும் சொல்கிறது. துளை பற்றி மட்டும் படித்துவிட்டு இந்த வரியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம்.

எனக்கு இதில் நம்பிக்கை குறைந்ததற்குக் காரணம், விரிசலின் மேல்நுனி தெரிந்தாலும் அதன் வேர் தெரியாது என்பதுதான். 172-இல் தகட்டின் விளிம்பு, அதைப் பிடித்து நிறுத்தும் ரிட்டெய்னர் என்ற உலோகப் பட்டைக்குள் மறைந்திருக்கும். நாங்கள் ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்துக் கீழ்ப்பட்டையைக் கழற்றியபோது, வெளியே தெரிந்த விரிசலுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பியிருந்தது. அது இன்னும் பட்டையைத் தாண்டி வெளியே வரவில்லை. இரண்டும் தொடங்கிய இடத்தில் தகட்டின் விளிம்பு உலோகத்தோடு நேராக முட்டிக்கொண்டு நின்றது. அந்த மூலையில் மட்டும், இரண்டுக்கும் நடுவே மெத்தைபோல் இருக்க வேண்டிய ஃபெல்ட் பட்டை நசுங்கிக் காகிதம்போல் ஆகியிருந்தது. மேலே துளை போட்டு நிறுத்தியிருந்தால், முட்டல் அப்படியே இருந்திருக்கும். இரண்டாவது விரிசல் தன் வழியில் ஏறியிருக்கும்.

துளை போட்டவரின் வேலை அன்றோடு முடிவதில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனிலும் அளந்து, பதிவேட்டில் எழுதி, புதிதாக வரும் ஒவ்வொரு பயிற்றுநருக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். விமானத்தை விற்கப் போனால் வாங்குகிறவரின் கண் முதலில் அங்கேதான் போகும். பக்கவாட்டு ஜன்னலில் சிறு விரிசல், உதிரி வந்து சேரும்வரை பறக்க வேண்டிய கட்டாயம் என்றால் நானும் துளை போடுவேன். அதற்கும் பிளாஸ்டிக்குக்கென்று தீட்டிய டிரில் பிட் வேண்டும். உலோகத்துக்கான பிட் அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்து, துளையைச் சுற்றிப் புது விரிசல்களை விட்டுவிடும்.

தடித்த தகடு கேட்க ஆசையாக இருக்கும் வழி. 1/8 அங்குலத் தகட்டுக்குப் பதில் 1/4 அங்குலம் போட்டால், வளைவுக்கு எதிரான விறைப்பு எட்டு மடங்காகிறது. கேபினில் காற்றிரைச்சல் குறைகிறது. பறவை மோதினால் தாங்கும் வாய்ப்பும் கூடும். ஆனால் அந்த நம்பிக்கைக்குச் சான்றிதழ் ஏதும் இல்லை. குறுந்தூரம் பயணிகளை ஏற்றிச் செல்லும் கம்யூட்டர் வகைச் சிறு விமானங்களின் முன்கண்ணாடி 2 பவுண்டுப் பறவையையும், பெரிய போக்குவரத்து விமானங்களுடையது 4 பவுண்டுப் பறவையையும் தாங்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். 172 பிறந்த பழைய விதித்தொகுப்பில் அப்படி ஒரு சோதனையே கிடையாது. எடையும் இருமடங்கு: ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3.8 கிலோ இருந்தது 7.6 கிலோவாகும். தடிமன் மாறுவதால் எஸ்.டி.சி. என்ற வடிவமாற்ற அனுமதிச் சான்று தேவை, அதை இங்கே இந்திய விமானப் போக்குவரத்துத் துறையான டி.ஜி.சி.ஏ. ஏற்க வேண்டும், காகித வேலை தகட்டுக்கு முன்னால் ஓடும்.

என்னை நிறுத்தியது காகிதம் அல்ல, விளிம்பு. மெல்லிய தகட்டுக்காகச் செய்த பள்ளத்தில் தடித்த தகடு உட்கார வேண்டுமானால் விளிம்பைச் சுற்றிலும் படிபோல் செதுக்கி மெலிதாக்க வேண்டும். அந்தப் படியின் உள்மூலையில்தான் விசை குவியும். நீண்ட நாள் தடித்த தகட்டோடு பறந்த விமானம் எதையும் நான் பராமரித்ததில்லை. நன்றாக உழைக்கிறது என்று சொல்லும் உரிமையாளர்களை நான் மறுக்கவில்லை. குளிர்ந்த ஊரில், நீண்டதூரம் பறக்கும் சொந்த விமானம் என்றால் நானே யோசித்திருப்பேன். நாள் முழுதும் வெயிலில் நின்று, மணிக்கொருமுறை ஏறி இறங்கும் பயிற்சி விமானத்துக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

இனி நாங்கள் போன வழி. அசல் தயாரிப்பாளரின் உதிரியா, மாற்று உதிரி தயாரிக்க எஃப்.ஏ.ஏ. தரும் பி.எம்.ஏ. அங்கீகாரம் பெற்ற எல்.பி. ஏரோ பிளாஸ்டிக்ஸ், கிரேட் லேக்ஸ் போன்றவர்களின் தகடா என்பதில் நான் நேரம் செலவிடவில்லை. எஃப்.ஏ.ஏ.வின் 8130-3 என்ற தகுதிச் சான்றோடு வந்தால் இரண்டுமே பறக்கத் தகுந்தவை. எது சீக்கிரம் கைக்கு வருமோ அதை வாங்குங்கள். எது வந்தாலும் அப்படியே உள்ளே போய் உட்காராது. ஒரே மாடலில் இரண்டு விமானங்களின் சட்டகம்கூட அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. பொருத்திப் பார்த்து மிகுதியை அராவ வேண்டும் என்று செஸ்னாவின் சர்வீஸ் மேனுவலே சொல்கிறது.

எவ்வளவு அராவுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அக்ரிலிக் ஒரு மீட்டர் நீளத்துக்கு, வெப்பம் 40 டிகிரி ஏறினால் 2.8 மில்லிமீட்டர் வளரும். அலுமினியம் அதே ஏற்றத்துக்கு 0.9 மில்லிமீட்டர்தான் வளரும். 172-இன் கேபின் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர். காலை ஹேங்கரிலிருந்து வெளியே இழுத்து மதியம் வெயிலில் நிறுத்தினால் இந்த 40 டிகிரி எளிதில் வந்துவிடும். அப்படியானால் தகடு சட்டகத்தைவிடக் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் கூடுதலாக இடம் கேட்கிறது. அந்த இடம் இல்லையென்றால் விளிம்பு முட்டும், மாலையில் சுருங்கும், மறுநாள் மீண்டும் முட்டும். எங்கள் பழைய தகட்டின் அந்த மூலைக்கு நடந்தது இதுதான் என்பது என் கணிப்பு. அதைப் பொருத்தியவர் இடைவெளியே இல்லாமல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கலாம்.

ஆகவே எல்லாப் பக்கமும் ஃபெல்ட் பட்டை நசுங்காமல் உட்காரும் அளவுக்கு விளிம்பை எடுத்தோம். கொஞ்சம் அராவி, பொருத்திப் பார்த்து, கழற்றி, மறுபடி அராவினோம்; இந்த வேலைக்கு அவசரம் ஆகாது. அராவிய விளிம்பில் ரம்பத்தின் பல்தடம்கூட மிஞ்சக்கூடாது. மெல்லிய உப்புத்தாளால் விளிம்பு முழுதும் வழவழப்பாகும்வரை தேய்த்தோம், விரலை ஓட்டிப் பார்த்து உறுதி செய்தோம். பாதுகாப்புப் படலத்தை விளிம்பில் மட்டும் உரித்துக்கொண்டோம். இரண்டு பேர் பிடித்து, மேனுவல் சொல்கிறபடி மேல் மூலை ஒன்றில் தொடங்கி மெல்ல மெல்ல உள்ளே செலுத்தினோம். குளிர்ந்த அக்ரிலிக் நொறுங்கும் தன்மை கொண்டது. அதனால் விடியற்காலையில் இதைத் தொடாதீர்கள். தகட்டை வளைத்து அமுக்கித்தான் உள்ளே தள்ள முடிகிறது என்றால் இன்னும் அராவ வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

விளிம்பை அடைக்கப் பூசும் சீலன்ட் பசை வழிந்ததைத் துடைக்கிற அந்த ஐந்து நிமிடத்தில் மொத்த உழைப்பும் வீணாகலாம். கைக்கெட்டும் தூரத்தில் எம்.இ.கே. என்ற கரைப்பான் டப்பா இருக்கும். அதுவோ அசிட்டோன், தின்னர், பெட்ரோல் எதுவுமோ அக்ரிலிக்மேல் படக்கூடாது. பட்டால் கிரேஸிங் அங்கிருந்தே தொடங்கும். சீலன்டும் அக்ரிலிக்குக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டதாக இருக்க வேண்டும்.

திருகுகளையும் ரிவெட்டுகளையும் பழையதைப் பார்த்து எடுக்காதீர்கள். பார்ட்ஸ் கேட்டலாக்கைப் பார்த்து எடுங்கள். 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து மாலகா கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தில், ஏறத்தாழ 17,300 அடி உயரத்தில் கேப்டன் பக்க முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. அந்தப் பயணத்துக்கு 27 மணி நேரம் முன்பு அதைப் பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. மீதி ஆறு நீளம் போதாதவை. கழற்றிய போல்ட்டோடு கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்ததன் விளைவு. பாதி உடல் வெளியே தொங்கிய கேப்டன் டிம் லாங்காஸ்டரைக் கேபின் ஊழியர்கள் பிடித்துக்கொள்ள, துணைவிமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார், எல்லோரும் பிழைத்தார்கள். 172-இல் கேபின் அழுத்தம் இல்லை, அப்படிப் பிய்த்துக்கொண்டு போகாதுதான். ஆனாலும் பார்ட் நம்பரைச் சரிபார்க்கும் பழக்கத்தில் சலுகை கிடையாது.

கிங் ஏர் போன்ற, கேபினுக்குள் அழுத்தமூட்டிய விமானங்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அங்கே கண்ணாடி அடுக்குகளும் நடுவே வினைல் படலமும் மின்சூடாக்கியும் சேர்ந்த தொகுதி. துளை என்ற பேச்சே எழாது. எந்த அடுக்கில் விரிசல், படலம் எவ்வளவு தூரம் விட்டிருக்கிறது என்று பார்த்து, தயாரிப்பாளரின் மேனுவல் தரும் வரம்போடு ஒப்பிட வேண்டும். அவற்றில் நான் உதவியாளாகத்தான் நின்றிருக்கிறேன். அதனால் இதற்குமேல் சொல்லமாட்டேன்.

பொருத்திய பிறகு பராமரிப்பு எளிது. தாராளமாகத் தண்ணீர் விட்டு, மென்மையான சோப்போடு வெறும் கையால் தடவித் தூசியை உணர்ந்து அகற்றுங்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும், நிலைமின்சாரம் ஏறி இன்னும் தூசி ஒட்டும். வீட்டுக் கண்ணாடிக்கான ஸ்பிரே வேண்டாம். வெயில்மறைப்புத் தகட்டை உட்பக்கம் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் நடுவில் வெப்பம் தேங்கும். வெளியே போடும் மென்துணி உறை மேல், ஆனால் அதன் உட்பக்கத்தில் மணல் ஒட்டியிருக்கக் கூடாது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. தகடு பெரிய மரப்பெட்டியில் வரும். சரக்குக் கட்டணத்தைத் தகட்டின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஃபெல்ட் பட்டை, சீலன்ட், ரிவெட்டுகளை அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள்; ஃபெல்ட் இல்லாமல் விமானம் நாள்கணக்கில் முகம் திறந்து நிற்கக் கூடாது. பெட்டி வந்ததும் கொண்டுவந்தவரை நிறுத்திவைத்துத் திறந்து, நான்கு விளிம்பையும் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். மூலையில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் படம் எடுத்து, ரசீதில் எழுதி, திருப்பி அனுப்பிவிடுங்கள்.