பாய்லர் மாற்றப் போகிறீர்களா? என் 2,850 பவுண்டு போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

லண்டன் பக்கம் வீடு வைத்திருக்கிற நம்ம ஆட்களுக்காக அவசரமாக எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை, வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டைச் சூடாக்குகிற கேஸ் பாய்லரை மாற்றியதில் எனக்கு 2,850 பவுண்டு போச்சு. பணத்தை விடுங்கள், மகள் படுக்கிற லாஃப்ட் ரூம் (கூரைக்கடியில் இருக்கிற அறை) ஜன்னலுக்குக் கீழேயே பாய்லரின் புகைக்குழாயை, அதாவது ஃப்ளூவை, விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நேற்று மதியம்தான் தெரிய வந்தது.

எங்களுடையது ஹாரோவில் ஒரு பழைய செமி, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. சமையலறைச் சுவரை இடித்துப் பெரிதாக்கியதால், அங்கே இருந்த பாய்லரை மாடியில் படிக்கட்டை ஒட்டிய அலமாரிக்குள் மாற்ற வேண்டியதாயிற்று. போஸ்ட்கோடைப் போட்டால் மூன்று பேர் விலை சொல்வார்களே, அந்த மாதிரி ஒரு தளத்தில் தேடினேன். எல்லோரும் சரிபார்க்கப்பட்டவர்கள் என்று ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பச்சை டிக் போட்டு வைத்திருந்தார்கள்.

வந்த ஆளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினார். நான் கேட்பதற்கு முன்னால் கேஸ் வேலை செய்யப் பதிவு பெற்றவர் என்று காட்டுகிற கேஸ் சேஃப் அட்டையை எடுத்து நீட்டினார். பின்பக்கம் போய் டேப்பைப் பிரித்துச் சுவரில் வைத்தவர், "மேலே இருக்கிறது லாஃப்ட் ரூம் ஜன்னல்தானே? திறக்கிற ஜன்னல்னா ஃப்ளூ முனை அதுக்கு 300 மில்லிமீட்டராவது தள்ளி இருக்கணும். நான் இன்னொரு துண்டு குழாய் போட்டு அந்த ஓரமாக் கொண்டுபோறேன். ஜன்னல் பக்கமே வராது" என்றார். பக்கத்து வீட்டு வேலி எவ்வளவு தூரம், மழைநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்றுகூடப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மற்ற இரண்டு பேரும் வீட்டைப் பார்க்காமலே போனில் விலை சொன்னவர்கள். நீங்களாக இருந்தாலும் யாரிடம் கொடுத்திருப்பீர்கள்? 1,500 முன்பணத்தை பேங்க் டிரான்ஸ்ஃபரில் அனுப்பினேன்.

வேலை நாளன்று அவர் வரவில்லை. வேறு இரண்டு பையன்கள் வந்தார்கள். பாஸ் இன்னொரு வீட்டில் இருக்கிறார், சாயங்காலம் வந்து செக் பண்ணுவார் என்றார்கள். சாயங்காலம் வந்தது மெசேஜ்தான். "ரேடியேட்டர் சூடாயிடுச்சா? மீதி 1,350 போட்டுடுங்க, பசங்களுக்குக் கூலி கொடுக்கணும்." ரேடியேட்டர் சூடாகத்தான் இருந்தது. போட்டேன். ஆக மொத்தம் 2,850. ஃப்ளூ போகிற வழியை பிளைவுட் பெட்டி அடித்து மூடி, வெள்ளை பெயின்ட்டும் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது!

ஜனவரிக் குளிரில் பாய்லர் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. பாய்லரிலிருந்து வடிகிற தண்ணீரை வெளியே கொண்டுபோகிற குழாயை ஒல்லியாகப் போட்டு, மேலே எதுவும் சுற்றாமல் சுவரில் ஓட்டியிருக்கிறார்கள், உள்ளே உறைந்துவிட்டது. போன் பண்ணினால், "சுடுதண்ணி ஊத்துங்க சார், சரியாயிடும்." வேலை விதிப்படி நடந்தது என்கிற சான்றிதழ் எங்கே என்று கேட்டால், "தபால்ல வரும்." இன்றுவரை வரவில்லை.

நேற்று வருடாந்திர சர்வீஸுக்கு வேறொரு இன்ஜினியரைக் கூப்பிட்டேன். பாய்லரின் தலையில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்து, வாயுக்களை அளக்கிற அனலைசரின் குழாயைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. விஷயம் இதுதான்: ஃப்ளூ என்பது குழாய்க்குள் குழாய். உள்ளே இருப்பதில் புகை வெளியேறும், அதைச் சுற்றி இருக்கிற இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே வரும். அந்த வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.6 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, கார்பன் டை ஆக்சைடு 0.2ஐத் தொடக்கூடாது. எங்கள் திரையில் ஆக்சிஜன் 18 சொச்சம். பெட்டிக்குள் எங்கேயோ இணைப்பு விட்டுப்போய், புகையே திரும்பக் காற்றோடு கலந்து பாய்லருக்குள்ளேயே போகிறது என்றார். அப்படி மூச்சு முட்டி எரியும்போதுதான் கார்பன் மோனாக்சைடு ஏறும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

அடுத்து அவர் கேட்டது, வீட்டில் யாருக்காவது அடிக்கடி தலைவலி வருகிறதா என்று. மகள் கையைத் தூக்கினாள்.

பெட்டியை உடைத்தோம். இரண்டு குழாயும் சேர்கிற இடத்தில் ஒரு ஸ்க்ரூ இல்லை. தாங்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப் இல்லை. விரல் நுழைகிற அளவுக்குப் பிரிந்து கிடந்தது. இப்படி மறைத்துக் கொண்டுபோகிற ஃப்ளூவுக்குத் திறந்து பார்க்கிற கதவு வைத்தே ஆக வேண்டும் என்று 2013இலிருந்தே இருக்கிறதாம். குழாய் பாய்லர் பக்கம் சரிந்திருக்க வேண்டும், இங்கே வெளிப்பக்கம் சரிந்து சுவரெல்லாம் சொட்டிப் பச்சைக் கறை. அப்புறம் மகளின் லாஃப்ட் ரூம் ஜன்னலைத் திறந்து டேப்பை இறக்கினார். 170 மில்லிமீட்டர். ஓரமாகக் கொண்டுபோகிறேன் என்று சொன்ன அந்த ஒரு துண்டு குழாயை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்!

கேஸை அடைத்துவிட்டு, 'உடனடி ஆபத்து' என்று சீட்டுத் தொங்கவிட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சரி செய்ய இன்னும் 1,100 ஆகுமாம்.

போட்டோவை எடுத்து அந்தப் பூட்ஸ் கழற்றிய மகானுக்கு அனுப்பினேன். "நாங்க போட்டப்போ சரியாத்தான் இருந்தது, நடுவுல யார் கை வச்சாங்களோ." அதோடு சரி, நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். தளத்துக்காரர்களிடம் பேசினால், அறிமுகம் செய்வது மட்டும்தான் எங்கள் வேலை, ஒப்பந்தம் உங்களுக்கும் அவருக்கும்தான் என்கிறார்கள். அப்போ அந்தப் பச்சை டிக் எதற்கு? அதற்குப் பதில் இல்லை. நான் எழுதிய ரிவ்யூ "பரிசீலனையில்" இருக்கிறதாம், அவருடைய ஐந்து நட்சத்திரங்கள் மட்டும் அப்படியே மின்னுகின்றன. பேங்கில் இது மோசடி இல்லை, வேலையில் வந்த தகராறு, சிவில் விவகாரம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பாய்லர் கம்பெனியோ, வாரன்டி பதிவே ஆகவில்லை என்கிறது. 2,850 பவுண்டுக்கு இத்தனை பேரிடம் பாட்டு கேட்டாயிற்று.

விவரமாக ஒரு பட்டியல் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். விலை பேச வந்தவர் அட்டையைப் பார்த்தால் போதாது, ஸ்பேனரைப் பிடிக்கிற ஆளின் அட்டையைக் கேளுங்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் இருக்கும். நம்பரை கேஸ் சேஃப் ரிஜிஸ்டர் தளத்தில் போட்டுப் பாருங்கள். முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரை உள்ள வேலை என்றால் நுகர்வோர் கடன் சட்டத்தின் செக்‌ஷன் 75இல் கார்டு கம்பெனியும் பொறுப்பு. வேலை முடிந்து 30 நாளுக்குள் அதை கேஸ் சேஃபில் பதிவு செய்திருக்க வேண்டும், சான்றிதழ் வராவிட்டால் உடனே கேளுங்கள். இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து புது பாய்லர் வைத்தால் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வைக்க வேண்டும், எங்களுக்கு வைக்கவில்லை. இன்று காலை நானே வாங்கி மாட்டினேன். சந்தேகம் வந்தால் பாய்லரை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

கேஸ் சேஃபில் புகார் கொடுத்திருக்கிறேன், ஆள் வந்து பார்க்கும்வரை பெட்டியை அப்படியே உடைத்த கோலத்தில் வைத்திருக்கிறேன். தளத்தின் பெயரைக் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள், இப்போதைக்குச் சொல்ல முடியாது. இதே மாதிரி மாட்டிக்கொண்டு சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் மட்டும் தயவுசெய்து எழுதுங்கள்.