பழைய சாஸ் கார்டு, புதிய லினக்ஸ்: எந்த வழி நல்லது?

சர்வரில் ஹார்டு டிஸ்க்குகளை இணைக்கும் சாஸ் (எஸ்ஏஎஸ்) கார்டுகளில், எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ்2008 சிப் உள்ளவை இன்னும் எத்தனையோ சர்வர்களில் சளைக்காமல் ஓடுகின்றன. ஆனால் 2019இல் வந்த ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 இந்தச் சிப்பைக் கைவிட்டுவிட்டது. இன்ஸ்டாலரை பூட் செய்தால், அந்தக் கார்டில் மாட்டிய டிஸ்க் ஒன்றுகூடத் தெரியாது.

டிரைவர் காணாமல் போய்விடவில்லை. இந்தக் கார்டுகளை இயக்கும் எம்பிடி3சாஸ் டிரைவர் அதிலும் இருக்கிறது. அது ஏற்கும் பிசிஐ ஐடி (கார்டின் அடையாள எண்) பட்டியலிலிருந்து 1000:0072 போன்ற எண்களை மட்டும் நீக்கிவிட்டார்கள். லினக்ஸின் மூலக் கர்னலில் அவை அப்படியே உள்ளன. நல்ல கார்டைக் கழற்றி வீச அவசரமே இல்லை.

எனக்குப் பிடித்தது, நீக்கிய எண்களைத் திரும்பச் சேர்த்த லினக்ஸ் விநியோகத்துக்கு (டிஸ்ட்ரோ) மாறிவிடுவது. ரெட்ஹேட்டுக்கு இணையான இலவச விநியோகமான அல்மாலினக்ஸ் 2024இல் வெளியிட்ட 9.4 பதிப்பில் எம்பிடி3சாஸ், மெகாரெய்ட், எச்பிஎஸ்ஏ உள்ளிட்ட டிரைவர்களில் பழைய கார்டுகளுக்கு மறுபடி இடம் கொடுத்தது. டிரைவர் கர்னலோடு சேர்ந்தே வருவதால், அப்டேட் செய்யும்போது தனியாக எதையும் கவனிக்க வேண்டியதில்லை.

ரெட்ஹேட்டிலேயே இருந்தாக வேண்டும் என்றால், கூடுதல் டிரைவர்களைத் தரும் எல்ரெப்போ என்ற களஞ்சியம். டிரைவர் டிஸ்க்கைக் கொடுத்து நிறுவலாம், அப்புறம் கேமாட் (முன்பே கம்பைல் செய்த டிரைவர் மாட்யூல்) பேக்கேஜ் பார்த்துக்கொள்ளும். கர்னலின் சிறு அப்டேட்டுகளுக்கு அதே மாட்யூல் பெரும்பாலும் பொருந்தும். 9.3இலிருந்து 9.4 போன்ற தாவலில்தான் சிக்கல் வரும்: புது கேமாட் வரும்வரை காத்திருங்கள். கையொப்பம் உள்ள மாட்யூலை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இருந்தால் எல்ரெப்போவின் சாவியையும் முதலில் பதிவுசெய்ய வேண்டும்.

கர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலை மறுபடி கட்டும் டிகேஎம்எஸ் கருவியை வைத்து நாமே கம்பைல் செய்துகொள்வதை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நெட்வொர்க் கார்டின் மாட்யூல் கம்பைல் ஆகாவிட்டால் நெட் வராது, அவ்வளவுதான். ரூட் டிஸ்க் அந்த சாஸ் கார்டில் இருக்கும்போது மாட்யூல் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) சேராவிட்டால் பூட்டே நின்றுவிடும். எமர்ஜென்சி ஷெல் வந்து நிற்கும். ரிமோட் கன்சோல் இல்லாத மெஷினில் அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்? டேட்டா டிஸ்க்குகள் மட்டும் அதில் இருந்தால் சரி, சமாளித்துவிடலாம்.

அடுத்த தலைமுறை சிப்பான எஸ்ஏஎஸ்3008 உள்ள கார்டு வாங்கி மாற்றுவதும் ஒரு வழி. வேகத்துக்காக என்றால் வேண்டாம்: பழையதே ஒரு லேனுக்கு 6 ஜிகாபிட் தரும், சுழலும் ஹார்டு டிஸ்க் அதில் பாதியைக்கூடத் தொடாது. டிரைவர் ஆதரவு பழையதைவிட அதிக நாள் நீடிக்கும் என்பதுதான் ஆதாயம். பழைய கார்டு ஐடி மோடில் (IT mode, டிஸ்க்குகளை அப்படியே நேராகக் காட்டும் நிலை) இருந்தால் மாற்றம் சுலபம், லினக்ஸே சேர்த்துவைத்த எம்டிஆட்ம் அல்லது இசட்எஃப்எஸ் டிஸ்க் தொகுப்பு அப்படியே எழுந்து வரும். கார்டே டிஸ்க்குகளைத் தொகுக்கும் ஹார்டுவேர் ரெய்ட் என்றால் கதை வேறு. தொகுப்பின் விவரம் அந்தக் கார்டின் சொந்த வடிவில் டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்கும், வேறு கார்டு அதைப் படிக்கும் என்று நம்பக் கூடாது. முழு பேக்கப் எடுக்காமல் கை வைக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தாலும், புதிய பதிப்பின் லைவ் அல்லது இன்ஸ்டால் மீடியாவில் (எல்ரெப்போ வழி என்றால் டிரைவர் டிஸ்க்கோடு) ஒருமுறை பூட் செய்து டிஸ்க்குகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பழைய கர்னலை, பூட்டில் கர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவிலிருந்து நீக்காதீர்கள்.