வெள்ளீய ஐசோடோப்பு பகுப்பாய்வுச் சேவை: கருவியை விட மூசையைக் கவனியுங்கள்

வெள்ளீயத்தின் முக்கியத் தாதுவான கேசிட்டரைட் மாதிரியை அனுப்பினால் வெள்ளீயத்தின் டெல்டா மதிப்புகளை (ஐசோடோப்பு விகிதம் ஓர் ஒப்பீட்டுத் தரத்திலிருந்து ஆயிரத்தில் எத்தனை பங்கு விலகுகிறது என்ற எண்) அளந்து தரும் ஆய்வகச் சேவைகள் இப்போது கிடைக்கின்றன. ஒரு தாதுப் படிவு எப்படி உருவானது என்று கேட்பவருக்கு இது பயனுள்ள சேவை. ஆனால் ஐசோடோப்புகளை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும், விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படும் மல்டி-கலெக்டர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்து மட்டும் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எண் கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முன்பே, மாதிரியைக் கரைக்கும் இடத்தில்தான்.

இந்த அளவீடு என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். வெள்ளீயத்துக்கு நிறை எண் 112 முதல் 124 வரை 10 நிலையான ஐசோடோப்புகள். வேறெந்தத் தனிமத்துக்கும் இத்தனை இல்லை. பூமிக்கடியில் சூடான, குளோரைடு மிகுந்த நீரில் வெள்ளீயம் பெரும்பாலும் +2 ஏற்ற நிலையில் பயணிக்கிறது. கேசிட்டரைட்டில் இருப்பதோ +4 ஏற்ற நிலை. ஆகவே படிகம் உருவாக வேண்டுமானால் ஆக்சிஜனேற்றம் நடந்தாக வேண்டும். அப்போது கனமான ஐசோடோப்புகள் படிகத்தை நாடிப் போகும், மிஞ்சிய நீர் இலேசாகும். முதலில் படிந்த கேசிட்டரைட் கனமாகவும், அதே நீரிலிருந்து பின்னால் படிந்தது இலேசாகவும் இருக்கும். வெள்ளீயம், செம்பு, இரும்பு, கந்தகம் சேர்ந்த ஸ்டானைட், அளக்கப்பட்ட படிவுகளில் கேசிட்டரைட்டை விடச் சராசரியாக 1 பர்மில்லுக்கும் (ஆயிரத்தில் ஒரு பங்கு) அதிகமாக இலேசாக இருக்கிறது. நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது முந்தியதிலிருந்து பிந்தியதுக்கு இறங்கும் இந்தச் சரிவைத்தான். தனியாக நிற்கும் ஒற்றை எண்ணுக்கு மதிப்பு குறைவு.

இனி கரைப்பது. கேசிட்டரைட் பிடிவாதமான கனிமம். இராஜதிராவகத்துக்கும் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) மசியாது, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்துக்கும் மசியாது. அதிகம் நடைமுறையில் இருப்பது பொட்டாசியம் சயனைடு வழி. பொடித்த கனிமத்தோடு நான்கைந்து மடங்கு எடை சயனைடைக் கலந்து, கிராஃபைட் மூசையில் (உருக்கும் கிண்ணம்) 800 முதல் 850 டிகிரி செல்சியஸில் சுமார் ஒரு மணி நேரம் வைப்பார்கள். சயனைடு ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு சயனேட்டாகிவிடும். ஆறியதும் மூசையில் இருப்பது சாம்பல் நிற உப்புக்கட்டி. வெதுவெதுப்பான நீரில் அது கரைந்ததும் கடுகு போன்ற பளபளப்பான வெள்ளீய மணிகள் அடியில் தங்கும். அவற்றை நன்றாகக் கழுவிய பிறகே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட வேண்டும். மிச்சமிருக்கும் சயனைடில் அமிலம் பட்டால் எழுவது ஹைட்ரஜன் சயனைடு, உயிரைக் குடிக்கும் வாயு. கழிவுநீரை எப்படிக் கையாள்கிறார்கள் என்று கேட்டால் தடுமாறுகிற ஆய்வகத்தைத் தவிர்த்துவிடலாம்.

ஆய்வகத்தைச் சோதிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "மணிகளை எடை போட்டீர்களா?" தூய கேசிட்டரைட்டில் வெள்ளீயம் எடையில் 78.8 சதவீதம். 100 மில்லிகிராம் போட்டால் 78 மில்லிகிராமுக்கு அருகில் மணி கிடைக்க வேண்டும். 60 தான் கிடைத்தது என்றால் கால்வாசி எங்கோ போயிருக்கிறது. கசடோடு போயிருக்கலாம், ஆவியாகவும் போயிருக்கலாம். ஆவியில் இலேசான ஐசோடோப்புகள் முந்திக்கொள்வதால் மீந்தது கனமாகத் தெரியும். அந்தக் கனத்தைப் படிவின் வரலாறு என்று படித்துவிடுவது எளிது. பெரிய மணியை மட்டும் பொறுக்கி எடுத்துக் கரைப்பதும் தவறு. எல்லா மணிகளும் சேர்ந்து கரைய வேண்டும்.

கரைப்பதற்கு இன்னொரு வழியான ஹைட்ரயோடிக் அமில வழியில் சயனைடு தொல்லை இல்லை. ஆனால் மெதுவான வேலை, முழுதும் கரைந்ததா என்று கண்ணால் சொல்வது கடினம். பிறகு அயோடைடைக் குளோரைடாக மாற்ற ஆவியாக்கும்போது இன்னொரு இழப்புக்கு வழி திறக்கிறது. வெள்ளீய டெட்ராகுளோரைடு 114 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள். சூடான தட்டில் கரைசலை முற்றாக வறளவிடும் ஆய்வகம் பணத்தையும் சேர்த்து ஆவியாக்குகிறது.

சுத்திகரிப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரெசினில் ஏற்றி இறக்கும் வழக்கமான வேலைதான். கவனிக்க வேண்டியது ஒன்று: நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் தனியே விட்டால் வெள்ளீயம் வெண்மையாகக் கலங்கி அடியில் படியும். சிறிது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ போதுமான ஹைட்ரோகுளோரிக் அமிலமோ கூட இருக்க வேண்டும்.

கருவியில் ஏற்படும் நிறைச்சாய்வை (இலேசான, கனமான ஐசோடோப்புகளைக் கருவி ஒரே அளவில் எண்ணாத பிழை) திருத்த இரண்டு வழிகள். ஆன்டிமனியைச் சேர்த்து அதன் 121, 123 விகிதத்தைக் கொண்டு திருத்துவது மலிவு. 117, 122 போன்ற இரு ஐசோடோப்புகளைச் செறிவூட்டி, தெரிந்த விகிதத்தில் மாதிரியோடு சேர்க்கும் கலவையான டபுள் ஸ்பைக் விலை அதிகம், ஆனால் ஸ்பைக் கலந்த பிறகு நடக்கும் இழப்பையும் அது சரிசெய்துவிடும். 'கலந்த பிறகு' என்பதை அடிக்கோடிடுங்கள். ஸ்பைக்கைக் கரைசலில்தான் சேர்க்கிறார்கள் என்றால் மூசையில் நடந்த தவறு அப்படியே இருக்கும். "டபுள் ஸ்பைக் போட்டோம், எல்லாம் சரி" என்ற பதில் முழுப் பதில் ஆகாது.

அறிக்கை கைக்கு வந்ததும் ஒரு கணக்கு போடுங்கள். 124/116 டெல்டா 0.80 என்றால் 122/116 சுமார் 0.60, 124/120 சுமார் 0.39 இருக்க வேண்டும். 122/116 மட்டும் ஒத்துப்போனால் திருப்தி அடைய வேண்டாம். சல்ஃபைடு தாதுக்களோடு வரும் டெல்லூரியம் 122, 124 இரண்டிலும் ஏறி உட்காரும். அதனால் அந்தச் சோதனையில் அது கிட்டத்தட்டத் தப்பிவிடும். ஆனால் 120 இல் டெல்லூரியம் மிகமிகக் குறைவு. கலப்படம் இருந்தால் 124/120 பாதியில் நிற்காமல் 124/116 க்கு இணையாக ஏறிக் காட்டிக்கொடுக்கும். 116 இல் காட்மியம் புகுந்திருந்தால் கதை தலைகீழ்: 116 ஐ வகுக்கும் எண்ணாகக் கொண்டவை எல்லாம் சேர்ந்து இறங்கும், 124/120 அசையாது. ஆகவே மூன்று விகிதங்களையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றை மட்டும் தரும் அறிக்கையைச் சரிபார்க்க வழியே இல்லை.

ஒப்பீட்டுத் தரம் நிஸ்ட் (அமெரிக்கத் தர நிறுவனம்) எஸ்ஆர்எம் 3161ஏ என்று எழுதியிருப்பார்கள். அது செறிவுக்குச் சான்றளிக்கப்பட்ட கரைசல், ஐசோடோப்பு விகிதத்துக்கு அல்ல. எந்தத் தொகுதி எண் என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். பழைய ஆய்வுகளோடு ஒப்பிடும்போது டெல்டா எந்த விகிதத்தில் தரப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் வரைபடத்தில் புள்ளி வைக்காதீர்கள். 124/116 இல் 0.48 என்பதும் 124/120 இல் 0.24 என்பதும் ஒன்றே.

உங்கள் பக்கத்து வேலையும் இருக்கிறது. அளவீட்டுக்கு மைக்ரோகிராம் அளவு வெள்ளீயமே போதும் என்பதால் எவ்வளவு அனுப்புவது என்பது கவலையே இல்லை, எதை அனுப்புவது என்பதுதான் கவலை. கேத்தோடு ஒளிர்வுப் படத்தில் (எலக்ட்ரான் கற்றை பட்டுக் கனிமம் ஒளிரும் படம்) வளர்ச்சிப் பட்டைகளைப் பார்த்து, உட்பகுதியையும் விளிம்பையும் தனித்தனியே நுண்துளையிட்டு எடுங்கள். முழுப் படிகத்தையும் இடித்து அனுப்பினால் தேடிய சரிவு சராசரிக்குள் கரைந்துவிடும். ஸ்டானைட் ஒட்டியிருந்தால் முதலில் இராஜதிராவகத்தில் ஊறவிடுங்கள். சல்ஃபைடு போய்விடும், கேசிட்டரைட் அப்படியே நிற்கும். அதன் பிடிவாதம் இங்கே மட்டும் உதவி.

பாறைப் பிளவில் கனிமம் நிரம்பிய எந்த நரம்பு முந்தியது, எது பிந்தியது என்று களத்திலும் நுண்ணோக்கியிலும் முடிவு செய்யாதவர்கள் இச்சேவையைத் தள்ளிப்போடலாம். நீர் கொதித்து ஆவி பிரிந்தாலும் ஐசோடோப்புகள் நகரும், வெப்பநிலை மாறினாலும் பிரிவின் அளவு மாறும். வரிசை தெரியாமல் இவற்றைப் பிரித்தறிய முடியாது. படிவின் வயது வேண்டுமானால் கேசிட்டரைட்டில் யுரேனியம்-ஈய முறைக்குப் போங்கள். பழங்கால வெண்கலத்தின் வெள்ளீயம் எந்தச் சுரங்கத்தது என்று காட்டும் கைரேகையாக இதை விற்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஒரே படிவுக்குள் இருக்கும் வேறுபாடு பல சமயம் இரண்டு பகுதிகளுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிது, உருக்கும்போது இழப்பு நேர்ந்தால் உலோகமும் கனத்துவிடும். ஒரே நரம்பிலிருந்து வரிசைப்படி எடுத்த எட்டுப் பத்து மாதிரிகள், எடை போட்ட மணிகள், மூன்று விகிதங்கள் கொண்ட அறிக்கை என்றால் தாராளமாகச் செலவு செய்யலாம்.