விறகு அடுப்பைப் பொருத்த வருபவர்களை நம்பிக் கையெழுத்துப் போடும் முன்

புகை வெளியே போகிறது, அறை சூடாகிறது, ஆகவே அடுப்பைச் சரியாகத்தான் பொருத்தியிருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் புகை வெளியே போனது, அறையும் சூடானது. உள்கூரைக்கு மேலே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில், மரச்சட்டம் கருகிக்கொண்டிருந்தது.

விறகும் நிலக்கரியும் எரிக்கக்கூடிய இரும்பு அடுப்பு ஒன்றை வாங்கினோம். விற்ற நிறுவனமே பொருத்தியும் தருவதாகச் சொன்னது. "அனுபவமுள்ள ஆட்கள் சார், நீங்கள் எதையும் பார்க்கவே வேண்டாம்" என்றார் விற்பனையாளர். நாங்கள் எதையும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் அதன் பொருள் என்று பிறகு விளங்கியது.

வந்தவர்கள் எதையும் அளக்கவில்லை. சுவருக்குள் மரமா செங்கல்லா என்று கேட்கவில்லை. பொருத்தும் முறையைச் சொல்லும் கையேடு, உறைகூடப் பிரிக்கப்படாமல் அடுப்பின் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது. பல அடுப்புகளின் முதுகில் ஓர் உலோகத் தகடு இருக்கும். தீப்பற்றக்கூடிய சுவரிலிருந்து அடுப்பை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்ற அளவுகள் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். எங்கள் அடுப்பிலும் அது இருந்தது. படிக்க முடியாத அளவுக்கு அதைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் ஒரு காகிதத்தைக் கொளுத்திப் போட்டு, "பாருங்கள், எப்படி இழுக்கிறது" என்று காட்டி, கையெழுத்தும் மீதிப் பணமும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

சமையலறையில் எக்ஸாஸ்ட் மின்விசிறியைப் போட்டால் அடுப்புக் கதவின் இடுக்கிலிருந்து புகை வந்தது. குழாய் இணைப்புகளில் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஏதோ வழிந்தது. அதன் பிறகு தலைவலி தொடங்கியது. வீட்டில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும், வெளியே போய்விட்டு வந்தால் சரியாகிவிடும். நிறுவனத்தைக் கேட்டால், "புது பெயின்ட் வாசனை, நாலைந்து முறை எரித்தால் போய்விடும்" என்றார்கள். இதில் பாதி உண்மை. புது அடுப்பின் பூச்சு முதல் சில தடவை சூடேறும்போது நாறத்தான் செய்யும், அப்போது ஜன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும். ஆனால் பெயின்ட் வாசனைக்கும் சமையலறை மின்விசிறிக்கும் என்ன தொடர்பு?

விஷயம் இதுதான். மின்விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளும்போது, அதை ஈடுகட்டப் புதுக்காற்று வர வழியில்லையென்றால், புகைபோக்கி வழியாகவே காற்று உள்ளே இறங்கும். கூடவே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் இறங்கும். அதற்கு நிறமும் மணமும் கிடையாது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று தொடங்கும்போது சளிக்காய்ச்சல் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் காய்ச்சல் இருக்காது. தூக்கத்தில் இருப்பவர் விழிக்காமலே போய்விடலாம். தீயை அணைத்துவிட்டு, வேறொரு தொழில்நுட்பரை அழைத்தோம்.

அவர் முதலில் கழற்றியது உள்கூரையில் குழாயைச் சுற்றியிருந்த அலங்கார வளையத்தை. அதற்கு மேலே ஒற்றைத் தகட்டுக் குழாய் அப்படியே கூரை மரத்தின் நடுவே போயிருந்தது. மரத்துக்கும் குழாய்க்கும் இடையே விரல் நுழையாது. மரத்தின் விளிம்பு காப்பித்தூள் நிறத்துக்கு மாறி, தொட்டால் உதிர்ந்தது. புது மரம் தீப்பற்ற 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் நாள்பட்ட சூட்டில் வெந்து கரியாகிவிட்ட மரம் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். முதல் நாள் எரியவில்லை என்பதால் இனியும் எரியாது என்று சொல்ல முடியாது. புகைபோக்கிகளுக்கான அமெரிக்காவின் என்எஃப்பிஏ 211 தரநிலை ஒற்றைத் தகட்டுக் குழாயைக் கூரை வழியாகக் கொண்டுபோகவே அனுமதிப்பதில்லை. அறைக்குள்ளும் அது தீப்பற்றும் பொருளிலிருந்து 18 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். கூரையைக் கடக்கும் இடத்தில், இரு தகடுகளுக்கு நடுவே வெப்பக்காப்பு உள்ள புகைபோக்கிதான் வேண்டும். அதைச் சுற்றியும் தயாரிப்பாளர் சொல்லும் காற்றிடைவெளியை விட வேண்டும், அதில் வெப்பக்காப்புப் பஞ்சு திணிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் பஞ்சும் திணித்திருந்தார்கள்.

குழாய் காற்றோட்ட வேலைக்குப் பயன்படுத்தும் மெல்லிய ஜி.ஐ. தகட்டால், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டால் ஆனது. அந்தப் பூச்சு 419 டிகிரியிலேயே உருகிவிடும். குழாய்க்குள் படியும் கிரியோசோட் என்ற தார் போன்ற பொருள் தீப்பிடித்தால் உள்ளே வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டக்கூடும். அடுப்பில் புகை வெளியேறும் வாய் 150 மில்லிமீட்டர், அவர்கள் மாட்டிய குழாயோ 125 மில்லிமீட்டர். கையில் இருந்ததை மாட்டியிருக்கிறார்கள். விட்டத்தில் சிறிய வித்தியாசமாகத் தோன்றினாலும் புகை போகும் பரப்பில் ஏறக்குறைய 30 விழுக்காடு போய்விட்டது.

துண்டுகளையும் தலைகீழாகச் செருகியிருந்தார்கள். மேல் துண்டின் முனைதான் கீழ்த் துண்டுக்குள் இறங்க வேண்டும். அப்போதுதான் வழியும் கிரியோசோட் குழாய்க்குள்ளேயே இறங்கி அடுப்பில் விழுந்து எரியும். அப்படியானால் இணைப்பில் புகை கசியாதா என்று கேட்டேன். நன்றாக இழுக்கும் குழாயில் உள்ளே அழுத்தம் குறைவு, இடுக்கு இருந்தால் அறைக்காற்றுதான் உள்ளே போகும் என்றார். தொழில் தெரிந்தவரோடு பேசுவதே தனிச் சுகம்.

சுவருக்கான வெப்பத் தடுப்பும் வெறும் கண்துடைப்பு. மரச்சட்டச் சுவரின் மேல் சிமென்ட் பலகையை நேராக ஆணியடித்திருந்தார்கள். பலகைக்குப் பின்னால் 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கீழும் மேலும் திறந்துவைத்தால்தான் காற்று ஓடிச் சூட்டை எடுத்துப்போகும். ஒட்டி அடித்த பலகை சூட்டை மரத்துக்குக் கடத்தத்தான் உதவும். கூரைக்கு மேலே புகைபோக்கி போதிய உயரம் இல்லை என்பதைத் தெருவில் நின்றே பார்க்க முடிந்தது. கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர்ந்து, சுற்றிலும் 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி மேலே நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. எங்களுடையது கூரை முகட்டுக்கும் கீழே நின்றது.

படங்களோடு நிறுவனத்துக்கு எழுதினோம். "வேறொருவர் கைவைத்ததால் உத்தரவாதம் செல்லாது" என்று பதில் வந்தது. கருகிய மரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. புகார் கொடுத்திருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை.

பொருத்தப் போகிறவர்கள், உள்கூரையை மூடும் முன்பே அந்தத் துளையைத் திறந்து காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுக்கிறவரிடம் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். காகிதம் கொளுத்திக் காட்டுவதை ஏற்காதீர்கள். எல்லா ஜன்னல்களையும் அடைத்து, எக்ஸாஸ்ட் மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, அடுப்பு எரியும்போது புகை அறைக்குள் திரும்புகிறதா என்று சோதித்துக் காட்டட்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அதே அறையில் இருக்க வேண்டும். சாதாரண புகை எச்சரிக்கைக் கருவி இந்த வாயுவை அறியாது.

ஏற்கெனவே பொருத்திவிட்டவர்கள், அடுப்பு முழுவதும் ஆறிய பிறகு கூரை வளையத்தை மட்டும் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒற்றைத் தகடும் பழுப்பேறிய மரமும் தெரிந்தால், தகுதியுள்ள ஒருவர் வந்து மாற்றும்வரை அதில் தீ மூட்டாதீர்கள்.